நைனாவுக்கு மட்டும் மோர்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் மருத்துவப் பிரிவில் இருக்கிறார். டாக்டர் இல்லை, டாக்டருக்குக் கைகொடுக்கும் சிப்பாய். ஆர்.கே.பேட்டையில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். அந்தச் சத்தத்தையும் மீறி அவரைப் பற்றிப் பெருமை பேசுவது என் மாமனாரின் வேலை. மாமனாரை என் வீட்டுக்காரர் நைனா என்பார். தெருவே நைனா என்னும். மருமகளாக வந்த எனக்கும் அவர் நைனாவாகிவிட்டார்.

"துப்பாக்கி புடிக்கிற மிலிட்டரி இல்லப்பா எம்புள்ள. ஆஸ்பத்திரி மிலிட்டரி. ஃபேனுக்குக் கீழ உக்காந்துகினு மாத்திர குடுக்கறான்" என்பார் நைனா. அதை நம்பித்தான் நானும் கழுத்தை நீட்டினேன். எல்லையில் சண்டை என்று டிவி அலறும்போது பக்கத்து வீட்டுக்காரி, "உங்க ஊட்டுக்காரரு...?" என்று இழுப்பாள். "அவரு ஆஸ்பத்திரியில இல்ல இருக்காரு!" என்று அவள் வாயை அடைப்பேன்.

போன ஆடிக் கிருத்திகைக்கு அவருக்கு லீவு கிடைத்தது. நைனாவுக்குப் பூக்காவடி வேண்டுதல். தெருக்காரர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு குட்டியானை லோடு வண்டி பேசி, பின்னால் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து திருத்தணிக்குக் கிளம்பினோம். மலை கண்ணில் பட்டதும் நைனா கையைத் தூக்கி "அரோகரா" என்றார். நாங்கள் பதில் சொல்லி முடிக்கவில்லை, ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று எங்கள் வண்டியை இடித்துக் கவிழ்த்துவிட்டது.

கண்ணைத் திறந்தபோது ரோட்டில் கிடந்தேன். சுற்றிலும் காவடிப் பூ. இடது கை என் கை மாதிரியே இல்லை, கோணிக்கொண்டு கிடந்தது. "ஏங்க! ஏங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் ஓடி வந்தார். நெற்றியில் வழிந்த ரத்தத்தைக்கூடத் துடைக்கவில்லை. என் கையை ஒரு பார்வை பார்த்தார்.

"கத்தற இல்ல? அப்ப நல்லாதான் இருக்க" என்றார். என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

தாண்டிப் போய்விட்டார்! கட்டின பெண்டாட்டியை! வலிகூட ஒரு நிமிஷம் மறந்துபோனது எனக்கு. அவர் நேராகப் போனது சத்தமே போடாமல் ஓரமாகக் கிடந்த எங்கள் வண்டி டிரைவரிடம். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய்க்குள் விரலை விட்டு ரத்தத்தை வழித்தெடுத்தார். அடுத்து, எங்களோடு வண்டியில் வந்து, தொடையில் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்த பின்தெருப் பெண்ணிடம் ஓடினார். தன் மஞ்சள் வேட்டியின் ஒரு முனையைக் கிழித்துக் கட்டி, காவடிக் கழியை உடைத்து அதில் செருகி முறுக்கினார். ஒருவரோடும் பேச்சில்லை. நான் இதுவரை பார்க்காத முகம் அது, எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

நைனா புளியமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை, உதடு மட்டும் வெளுத்திருந்தது. இவர் அவருடைய மணிக்கட்டைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார், வயிற்றை மெல்ல அழுத்தினார். வயிற்றில் வைத்த கையைச் சட்டென்று எடுக்கவில்லை. பிறகு என்னிடம் வந்து, உடைந்த கையை என் முந்தானையாலேயே கழுத்தோடு சேர்த்துக் கட்டினார்.

"நைனா கிட்ட போய் உக்காரு. அவரு கைய புடிச்சிகோ. வுடாத."

அதற்குள் பக்கத்து மோர்ப் பந்தலிலிருந்து ஆட்கள் டம்ளரும் குடமுமாக ஓடி வந்தார்கள். நம் ஊரில் யார் விழுந்தாலும் முதலில் வாயில் எதையாவது ஊற்றிவிட வேண்டும். "யாருக்கும் ஒரு சொட்டு குடுக்கக் கூடாது!" என்று இவர் போட்ட அதட்டலில் ஆட்கள் அப்படியே நின்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நைனா கேட்டா குடு" என்றார்.

நைனா கேட்டார். கொடுத்தேன்.

"பாத்தியாம்மா, எல்லாருக்கும் வாணான்றான், எனக்கு மட்டும் குடுக்க சொல்றான். பெத்தவன்னு பாசம்" என்றார் நைனா.

"ஆங், நாங்கல்லாம் ஊராளுங்க, நீங்கதான் ஒறவு" என்று நானும் சிரித்தேன்.

ஆம்புலன்ஸ் ஒன்றுதான் வந்தது. டிரைவரையும் அந்தப் பெண்ணையும் ஏற்றச் சொன்னார் இவர். எனக்கு ரத்தம் கொதித்தது. "பெத்த அப்பன மரத்தடியில வுட்டுட்டு ஊராள ஏத்தறியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவர் திரும்பவே இல்லை. நைனாதான் என் விரலை அழுத்தி, "அவன் வேலைய அவன் பாக்கறான், வுடும்மா. எனக்கு இன்னா, குந்திகினுதான இருக்கறேன்?" என்றார். இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார். அடுத்த ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது என் கைக்குள் அவர் கை சில்லிட்டிருந்தது. முருகா!

காரியம் முடிந்த பிறகும் நான் என் வீட்டுக்காரரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. டிரைவரும் அந்தப் பெண்ணும் பிழைத்துக்கொண்டார்கள் என்று சேதி வந்த அன்றைக்கு, நைனாவோடு நின்றுபோன எங்கள் வீட்டுத் தறியின் பக்கத்தில் அவர் தானாகவே உட்கார்ந்து பேசினார்.

"எங்க வேல எங்க தெரியுமா? சண்ட போடற பட்டாளத்துக்கு முதுகு பக்கமா, குண்டு வுழற தூரத்துல. ஒரு டாக்டரு, கூட நாங்க கொஞ்சம் பேரு. அடிபட்டவன அங்க கட்டி, பின்னால ஃபீல்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். அங்க ஆபரேசன். அதுக்கும் பின்னாலதான் பெரிய ஆஸ்பத்திரி. நைனா சொன்னாரே ஃபேனு, அது அங்கதான் இருக்குது."

இத்தனை வருஷமாக டிவி முன்னால் நிம்மதியாகச் சோறு தின்றிருக்கிறேன்.

"வண்டி ஒண்ணுதான் வரும். அதனால மொதல்ல ஆளப் பிரிக்கணும். காத்திருக்கக் கூடியவன் ஒரு பக்கம், இப்பவே அனுப்பினா பொழைக்கிறவன் ஒரு பக்கம்."

"அனுப்பினாலும் பொழைக்க மாட்டான்னா?"

"பக்கத்துல ஒருத்தர உக்கார வெப்போம். கைய புடிச்சிக்க சொல்லுவோம். ஆபரேசனுக்குப் போறவனுக்குதான் தண்ணி கூடாது, இவனுக்குக் கேட்டத குடுப்போம்."

நைனாவுக்கு மோர் கொடுத்த டம்ளர் இன்னும் என் கையில் இருப்பது போலிருந்தது.

"அப்பவே தெரியுமா உங்களுக்கு? வயித்துல கை வெச்சப்பவே?"

"வயிறு கல்லு மாதிரி இருந்துச்சி. உள்ள ரத்தம் ரொம்பிடுச்சி."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அறுந்து தொங்கிய நூல் ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"சொல்லியிருந்தா நீ சிரிச்சிருப்பியா? நைனா கடைசியா பாத்தது உன் மூஞ்சியதான்."