நாலு அங்குலமும் ஓர் இரும்புப் படியும்

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டு வாசலில், துளசித் தொட்டிக்கு அடியில் ஓர் இரும்புப் படி கிடக்கிறது. முழங்கை நீளம் இருக்கும். கால் வழுக்காமலிருக்க மேலே புள்ளி புள்ளியாகப் புடைத்த தகடு, ஜீப்பின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்க இரண்டு காதுகள். ஜீப்பை விற்று வருடங்கள் ஆகிவிட்டன. வாங்க வந்தவர் படியையும் சேர்த்துத்தான் கேட்டார். வண்டியைக் கொண்டுபோங்கள், படியைத் தரமாட்டேன் என்று கழற்றி வைத்துக்கொண்டேன். பழைய இரும்புக்காரர் தெருவில் வரும்போதெல்லாம் என் மனைவி அதைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன். அதைச் செய்தவர் என் சகலை. அவர் செய்த ஒரு பொருளை நான் இப்படிக் கட்டிக் காப்பேன் என்று அந்த நாட்களில் யாராவது சொல்லியிருந்தால் அவரோடு பேச்சையே நிறுத்தியிருப்பேன்.

சகலை என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரமாக எங்கள் மாமனாருக்கு நிலம் இருந்தது. ராகியும் அவரையும் போடுவார், மேட்டில் கொஞ்சம் மாமரங்கள். பிள்ளைகள் இரண்டும் பெண்கள். மகனுக்கு உரிய இடம் அந்த வீட்டில் காலியாகக் கிடந்தது, நான் போய்ச் சேருவதற்கு முன்பே சகலை அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளூர் விவசாயி. மாமாவோடு தமிழில் பேச ஆரம்பித்து, பாதியில் தெலுங்குக்குப் போய், கன்னடத்தில் ஏதோ சொல்லி முடிப்பார். மாமா தொடையைத் தட்டிச் சிரிப்பார். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவன். உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை, அங்கேயே வேலை பார்த்த பெண்ணோடு காதல் கல்யாணம். அவர்கள் சிரிக்கும்போது என்ன ஏது என்று புரியாமல் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். மாமா என்னை ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. "மாப்ள, அந்த மாட்டப் புடிச்சுக் கட்டுங்க. சார், நீங்க வெயில்ல நிக்காதீங்க, உள்ள போயி உக்காருங்க" என்பார். சகலை மாப்பிள்ளை, நான் சார். ஒரு மாட்டைப் பிடித்துக் கட்டும் உரிமைக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் சகலை ஒரு பழைய ஜீப் வாங்கினார். நிலத்துக்குப் போகும் பாதை மழைக்காலத்தில் பாதையே அல்ல, டிராக்டர் டயர் அறுத்த இரண்டு வாய்க்கால்கள். மாமா அதுவரை நடந்து போய்க்கொண்டிருந்தார். ஜீப் வந்த பிறகு அதன் முன் சீட் அவருடையதாயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டு, ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் அதில் உட்கார்ந்து வரும் அழகைப் பார்த்தால் எனக்குக் காதில் புகை வரும். வீட்டில் சண்டை போட்டு, பி.எஃப். கடன் எடுத்து நானும் ஒரு ஜீப் வாங்கினேன். மாமா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து நிலத்துக்கு வரவேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை.

நான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திய சமயத்தில் சகலை அடுத்த வேலையைச் செய்து வைத்திருந்தார். கிருஷ்ணகிரியில் ஒரு பட்டறையில் கொடுத்து, பட்டை ஸ்பிரிங்கை மாற்றி ஜீப்பை உயர்த்திவிட்டார். எவ்வளவு என்று கேட்க என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அவருடைய மகளின் காதுகுத்துக்குப் போயிருந்தபோது, எல்லாரும் பந்தியில் இருக்கும் நேரம் பார்த்து, சட்டைப்பையில் கொண்டுபோயிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு அவர் வண்டிக்கு அடியில் குனிந்தேன். அளப்பதுதானே என் தொழில். இரண்டு அங்குலம் ஏற்றியிருந்தார். வேட்டி முட்டியெல்லாம் மண்ணோடு நான் எழுந்தபோது மணப்பெண் மாதிரி அலங்காரத்தோடு அந்தக் குழந்தை நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "சித்தப்பா, காசு விழுந்துடுச்சா?" என்றது. ஆமாம் என்றேன்.

அடுத்த ஞாயிறு பெங்களூரில் ஜீப் சாமான் விற்கும் தெருவில் இருந்தேன். கடைக்காரர் பொறுமைசாலி. மூன்று வழி இருக்கிறது என்று பலகையில் எடுத்து வைத்தார். ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை கொடுத்துத் தூக்குவது மலிவு, ஆனால் பள்ளத்தில் நம்ப முடியாது. இரண்டு அங்குலம் உயர்த்தும் கிட்டில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாறும், மற்றதைத் தொடவேண்டாம். நாலு அங்குலக் கிட் என்றால் பிரேக் ஹோஸிலிருந்து எல்லாமே நீளமாக வேண்டும், ஸ்டியரிங் கனக்கும், வளைவில் வண்டி ஆடும். "தோட்டத்துக்குத்தானே சார்? எரடு இஞ்சு சாகு, ரெண்டு இஞ்சே போதும். எதுமேல ஏத்தப் போறீங்க, பாறையா, மலையா?" என்று கேட்டார். சகலை மேல் ஏறவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? நாலு அங்குலக் கிட்டைத் தொட்டுக் காட்டினேன். அதற்கேற்ற பெரிய டயரும் போடச் சொன்னேன்.

வேலை முடிந்து வண்டி வீட்டு முன்னால் நின்றபோது தெருவே வேடிக்கை பார்த்தது. என் மனைவி சேலையைக் கொஞ்சம் தூக்கி, காலை வைத்துப் பார்த்து, எட்டாமல் இறக்கிக்கொண்டாள். "ஏணி உள்ள இருக்குதா, இல்ல அதுக்குத் தனியா இன்னொரு கடனா?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. சகலையின் முகம் எப்படிச் சுருங்கும் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் சீக்கிரமே வந்தது. நல்ல மழைக்குப் பிறகு, யானைகள் ராகிக்குள் இறங்கிவிட்டன என்று காலையில் போன் வந்தது. நான் லீவு சொல்லிவிட்டு விரட்டிக்கொண்டு போனேன். மாமா வீட்டு முன்னால் சகலையின் ஜீப் ஏற்கெனவே நின்றது. பக்கத்தில் என் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். உயர வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. மாமா வெளியே வந்தார். பயிர் போன கவலையிலும் என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஜம்முனு இருக்குதுங்க சார்! இதுலயே போலாம்" என்றார். என் நெஞ்சு என்னைவிட நாலு அங்குலம் மேலே போய்விட்டது.

மாமா கம்பியைப் பிடித்தார். காலைத் தூக்கினார். எட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி தூக்கினார். கால் போய் விளிம்பில் பட்டது, ஆனால் உடம்பு எழும்பவில்லை. "முட்டி கேக்கமாட்டேங்குதுங்க சார்" என்று வெட்கத்தோடு சிரித்தார். வேறு யாராக இருந்தாலும் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளி ஏற்றியிருப்பேன். மாமனாரின் புட்டத்தில் மருமகன் கை வைக்க முடியுமா? கையை நீட்டுவதும் மடக்குவதுமாகத் தவித்தேன். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. "வாங்க மாமா, நம்ம வண்டியிலயே போலாம். சகல பின்னாடி வருவாரு."

பின்னால்தான் போனேன். பாதி வழியில் என் குலசாமி கண்ணைத் திறந்தது. டிராக்டர் தடத்தின் நடுமேட்டில் சகலையின் ஜீப் அடிவயிறு தட்டி உட்கார்ந்துகொண்டது, சக்கரங்கள் சேற்றில் சும்மா சுற்றின. நான் ஓரமாக ஏற்றி, அதே மேட்டைத் தடவாமல் தாண்டி முன்னால் போய் நிறுத்தினேன். அப்படிப் போனதை மாமா பார்த்தாரா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். கயிற்றைக் கட்டினேன், வண்டியை எடுத்தேன், அவருடைய ஜீப் மேட்டைவிட்டு அசைந்து எழும்பியது. வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் கண்ணாடியில் பின்னால் பார்த்தால் மாமா சகலையின் பக்கத்தில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, துண்டு தோளில் கிடக்க, எதற்கோ சிரித்துக்கொண்டு வருகிறார். இழுப்பவன் நான், சவாரி அவர்களுடையது. என்ன மொழியில் சிரித்தார்களோ! நிலத்தை அடையும்வரை எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. யானை மிதித்த ராகியைப் பார்த்தபோதுகூட உடனே அழுகை வரவில்லை, பாவி மனது அந்தக் கண்ணாடியிலேயே நின்றது.

அந்த வாரமே சகலை எங்கள் வீட்டுக்கு வந்தார். சாக்குப்பைக்குள்ளிருந்து இந்தப் படியை எடுத்துத் தரையில் வைத்தார். நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அவர் என் வண்டியைச் சாணால் அளந்திருக்கிறார். "தேன்கனிக்கோட்டைல வெல்டிங் பட்டறைல நின்னு செஞ்சேன் சகல. இத மாட்டுனா மாமா ஏறிடுவாரு" என்றார். நான் டேப்போடு ஒளிந்து அளந்ததை, மனிதர் எல்லார் எதிரிலும் வெறும் கையால் அளந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் காபி சாப்பிடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் போன பிறகு படியைக் காலால் ஓரமாகத் தள்ளினேன். என் மனைவி அதை எடுத்து என் மடியிலேயே வைத்தாள். "எங்கப்பா ஏறணுமா, உங்க கௌரவம் ஏறணுமா? ஒண்ணச் சொல்லுங்க" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு நானே போல்ட் போட்டு முடுக்கினேன். பாழாய்ப்போன படி, மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார்ந்தது.

மாமா ஏறினார். இடது காலைப் படியில் வைத்து, ஓர் உந்து உந்தி, என் முன் சீட்டில் வந்து உட்கார்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டார். நான் ராஜாவைப் போல வண்டியை ஓட்டினேன். ஊர் முக்கு டீக்கடையில் நிறுத்தினோம். அங்கே இருந்தவர்கள் வண்டியை அண்ணாந்து பார்த்து, யாருடையது என்று கேட்டார்கள். மாமா சீட்டிலிருந்து இறங்காமலே பதில் சொன்னார்: "நம்ம சின்ன மாப்ளது." சார் போய்விட்டது, மாப்ள வந்துவிட்டது. கண் கலங்கியது எனக்கு. ஒரு மூச்சு விட்டிருப்பேன், அதற்குள் தொடர்ந்தார்: "படி மட்டும் பெரிய மாப்ள போட்டது. பாருங்க, எப்படிச் செஞ்சிருக்காரு!" அத்தனை பேரும் என் ஜீப்பை விட்டுவிட்டுக் குனிந்து படியைப் பார்த்தார்கள். நிலம் போய்ச் சேரும்வரை மாமா பேசியது அந்தப் படியைப் பற்றித்தான்.

அதன் பிறகு என் வண்டியில் அவர் எத்தனையோ முறை வந்தார். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கால் வைப்பார். தகட்டின் புள்ளிகள் அங்கே மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன. மாமா போய்ச் சேர்ந்தார். ஜீப்பும் போயிற்று.

போன மாதம் சகலை வந்திருந்தார். இப்போது அவருக்கும் முட்டிவலி. மகன் வாங்கியிருக்கும் உயரமான வண்டியில் ஏற முடியவில்லையாம். "அந்தப் பழைய படி இருக்குதா சகல?" என்றார். "அதெல்லாம் எப்பவோ இரும்புக்காரன்ட்ட போயிடுச்சு" என்றேன். சொல்லும்போது நாங்கள் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். அவர் தொட்டியின் அடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, அப்ப உங்க கம்பெனிப் பக்கம் சொல்லி எனக்கொண்ணு செஞ்சு குடுங்க" என்று காபியைக் குடித்தார். அந்தப் பெருந்தன்மையிலும் என்னை முந்திக்கொண்டுவிட்டாரே என்று அவர் போன பிறகு வெகுநேரம் பொருமிக்கொண்டிருந்தேன்.

அவருக்குப் புதுப் படி செய்து அனுப்பிவிட்டேன், இதைவிட நல்ல இரும்பில். இதைக் கொடுக்க மனம் வரவில்லை. செய்தது அவர்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்தத் தேய்மானம் மாமாவின் இடது கால் பட்டு வந்தது. என் வண்டியில் ஏறுவதற்காகப் பட்டது.