மாத்தளையில் அழுத்தினால் கலேவெலையில் நிற்கும்

முதலில் ஒரு விடுகதை. நில் என்ற இடத்தில் நிற்பான். பையில் இருப்பதையெல்லாம் திறந்து காட்டுவான். போ என்று சொல்லும்வரை அசையமாட்டான். அவன் யார்?

'சோதனைச் சாவடியில் தமிழன்' என்று சொன்னவர்களுக்குப் பாதிப் புள்ளி. சரியான விடை, ஜாவா சேர்வர். தூரத்தில் ஓடும் சேர்வரின் பிழையை இருந்த இடத்திலிருந்தே தேடுவது எங்கள் தொழில். புரோகிராமில் சந்தேகமான வரிக்கு ஓர் அடையாளம் வைப்போம். அதற்குப் பெயர் பிரேக்பொயின்ட். சேர்வர் அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிடும். அதன் கையில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகவிடுவோம். இந்த வேலையில் முடி கொட்டியவர்களுக்கு இதெல்லாம் தெரியும். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

யுத்தம் முடியாத காலம். மாத்தளை டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கலேவெலைப் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப் பாடசாலைக்கு விடுகதை இணையத்தளம் ஒன்று செய்துகொண்டிருந்தோம். பிள்ளைகள் நாலு விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டும். சேர்வரும் ஐந்து கணினிகளும் பாடசாலையில் இருந்தன. மாத்தளையில் ஒழுங்காக ஓடிய புரோகிராம் அங்கே போய்ப் படுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி பார்க்க வருவார், ஓடாவிட்டால் ஐந்து கணினிகளையும் டவுனில் உள்ள பெரிய பாடசாலைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று கடிதம் வந்திருந்தது.

சட்டைப்பையில் ஒரு துண்டு

முதல் தடவை பஸ்ஸில்தான் போனேன். வழியில் சாவடி. எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். என் சட்டைப்பையில் அன்றைய வேலைகளை எழுதிய காகிதத் துண்டு இருந்தது. சிப்பாய் அதை விரித்து, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். "ரிமோட். அட்டாச். எக்ஸிகியூட். கில்." வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறியது.

'கில்' என்றால் நின்றுபோன புரோகிராமை மூடுவது என்று சிங்களத்தில் ஒன்றரை மணி நேரம் விளக்கினேன். பஸ் போய்விட்டது. கடைசியில் மடிக்கணினியைத் திறந்து, ஒரு விடுகதையைச் சிங்களத்தில் சொல்லிக் கேட்டேன். சரியான விடை சொன்னார். துண்டை மடித்து என் பையிலேயே வைத்து, சிங்களத்தில் தம்பி முறை வைத்துக் கேட்டார். "மல்லி, சின்னப் பிள்ளைகளுக்குச் செய்ற வேலைக்கு நல்ல சொல்லு நாலு கிடைக்கல்லையா?"

பணிஸ் சாப்பிடப் போன நேரம்

அதன்பிறகு கலேவெலைக்கு நான் தொலைபேசி லைனில் மட்டும்தான் போனேன். அந்தப் பாதையில் சாவடி இல்லை. ஆகவே நானே வைத்தேன்.

நான் வைத்த சாவடிக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. ஒருவருக்காக நிறுத்தினால் எல்லாரும் நிற்பார்கள். அதை மறந்து, சேர்வரை நிறுத்தியபடியே விட்டுவிட்டுக் கீழே பேக்கரிக்கு மீன் பணிஸ் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கைத்தொலைபேசியில் ஏழு அழைப்புகள். எல்லாம் அங்கே கணினி அறைக்குப் பொறுப்பான மங்களா டீச்சர். ஏச்சு வாங்கத் தயாராகித் திருப்பி எடுத்தேன். "தம்பி, ஸ்கிரீன் ஒன்னும் அசையல. புள்ளைங்க கையைக் கட்டிக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. இந்த வகுப்பு இப்படி அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைங்க."

பத்துக்குப் பத்து

நிறுத்திய சேர்வரின் கையில் இருப்பதைப் பார்க்க மட்டுமல்ல, மாற்றியும் வைக்கலாம். பக்கத்து மேசை ரிஸ்வான் நானா இதில் மன்னன். எங்கள் முதலாளி விக்கிரம சேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் ஒருநாள் உட்கார்ந்து, பத்து விடுகதைகளுக்கும் மனம்போனபடி அழுத்தினார். ரிஸ்வான் நானா ஒவ்வொரு தடவையும் சேர்வரை நிறுத்தி, சேரின் விடையைச் சரியான விடையாக மாற்றிவிட்டுப் போகவிட்டார்.

பத்துக்குப் பத்து. சேர் அதைத் தாளில் அச்செடுத்து மேசைக்குப் பின்னால் ஒட்டினார். வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். "எனக்குத் தமிழ் தெரியாதுன்னு யாரு சொன்னது? வாசிக்கத்தான் தெரியாது."

வெள்ளிக்கிழமை

பிழையை வியாழக்கிழமை பிடித்துவிட்டேன். பிடித்த சந்தோஷத்தில் இரண்டு காரியங்களை மறந்தேன். ஒன்று, பிரேக்பொயின்டை எடுக்கவில்லை. இரண்டு, சோதித்துப் பார்க்க நானே எழுதிப் போட்ட விடுகதையை நீக்கவில்லை. மேலே உங்களிடம் கேட்டது அதுதான். கதவு, மாடு, அப்பா, சேர்வர் என்று நாலு விடை கொடுத்திருந்தேன். நாலு வேண்டுமே என்று வாய்க்கு வந்ததைப் போட்டது.

காலை பத்து மணிக்கு டீச்சரின் குரல் கிசுகிசுத்தது.

"தம்பி, நின்னிருச்சு. அதிகாரி பின்னாலேயே நிக்கிறாரு."

"யாரு டீச்சர் அழுத்தினது?"

"தாரணி. மூணாம் ஆண்டு. தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுற சிவாவோட மக. தான்தான் ஒடைச்சிட்டோம்னு பயந்துபோய் என்னையே பார்க்குது. ஏதாவது செய்ங்க தம்பி, மிசினெல்லாம் தூக்கிட்டுப் போயிருவாங்க."

என் திரையைப் பார்த்தேன். நான் எழுதிப் போட்ட விடுகதையில், நான் வைத்த அடையாளத்தில் சேர்வர் நின்றது. பிள்ளை அழுத்திய விடை அதன் கையில் இருந்தது. சரியான விடையாக நான் எழுதியிருந்தது நாலாவது. பிள்ளையின் விடை நாலாவது அல்ல. போகவிட்டால், அதிகாரியின் முன்னால் சிவப்பு நிறத்தில் 'பிழை' என்று வரும்.

ரிஸ்வான் நானா எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான் யோசிக்கிற? புள்ளட விடைய மாத்தி உடு."

பிள்ளையின் விடையை நான் தொடவில்லை. சரியான விடையை மாற்றினேன். பிறகு போகவிட்டேன்.

தொலைபேசியில் கைதட்டல் கேட்டது. கொஞ்ச நேரம் சிங்களத்தில் ஏதோ பேச்சு. பிறகு டீச்சர். "கையெழுத்துப் போட்டுட்டாரு தம்பி, அஞ்சு மிசினும் இங்கதான். 'அவசரப்படாம நல்லா யோசிச்சுப் புள்ளி போடுற மிசின்'னு சொல்றாரு."

பிழையைத் தேடி ஊரையே நிறுத்திவைத்து, கடைசியில் அது நம்முடையதுதான் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

தாரணி தெரிவுசெய்தது, அப்பா.