சித்திக்கு அடங்கிய சிவப்பு பைக்

எங்கள் சித்தி டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஆள் குள்ளம். டிரைவர் சீட்டை முழுக்க முன்னுக்குத் தள்ளி, முதுகுக்கு ஒரு தலையணையும் வைத்துக்கொள்வார். அவ்வளவு பெரிய வண்டியை நாளெல்லாம் வளைத்துத் திருப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், தோள் இரண்டும் கல்லாக இறுகியிருக்கும்.

ஐம்பதைத் தொட்ட வருஷம் அவருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் மேல் மனசு போனது. சிக்னலில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பச்சை விழுந்ததும் கண்ணுக்குத் தட்டுப்படாமல் பறந்துவிடுகிற ரகம்.

"ஸ்கூட்டர் வாங்கு. பை மாட்டக் கொக்கியாவது இருக்கும்" என்றார் சித்தப்பா. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், எதிலும் நிதானம்.

ஷோரூமில் விற்பனைக்காரர் சித்தப்பாவைப் பார்த்து, "சாருக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு" என்று சித்தி ஏறி உட்கார்ந்து, வண்டியை நிமிர்த்தினார். கால்விரல் நுனிதான் தரையில் பட்டது. ஆனால் வண்டி தக்கை மாதிரி எழுந்து நின்றது.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தபோது முகமெல்லாம் சிவந்திருந்தது. என்னிடம் சொன்னார்: "பஸ்ஸுன்னா நான் சொல்லணும், அது யோசிக்கணும், அப்புறம் திரும்பும். இது நான் பாத்த பக்கம் போகுதுடி! லேசா முறுக்கினா போதும், வயித்துல இருக்கிறது முதுகுக்குப் போயிடுது."

வாங்கிய முதல் வாரமே பெட்ரோல் பங்கில் தரையில் சிந்தியிருந்த எண்ணெயில் அவர் கால் வழுக்கி, வண்டி படுத்துவிட்டது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த எனக்கு உயிரே இல்லை. இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க!"

வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினார். ஒரு கை ஹேண்டிலில், மறு கை பின்சீட்டுக்கு அடியில். காலை ஊன்றிப் பின்பக்கமாகத் தள்ளினார். வண்டி நிமிர்ந்து நின்றுவிட்டது. பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல், பிரேக் லீவர் வளைந்திருந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ மூச்சு வாங்கச் சிரித்தார். "உங்க சித்தப்பாவோட பழைய வண்டி விழுந்தப்ப தெருவே கூடித் தூக்குச்சு, ஞாபகம் இருக்கா?"

இப்போது லீவு நாளில் ரேஸ் டிராக்குக்குப் போய்ப் பயிற்சி எடுக்கிறார். வளைவில் அவர் சாய்ந்து நிமிர்கிற அழகைப் பார்க்கவே நான் கூடப் போகிறேன்.

போன மாதம் சித்தப்பா தானாகவே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, உள்ளங்கை அகலப் பின்சீட்டில் ஏறினார். தெருக்கோடி வரை போய்த் திரும்பியவர் இறங்கி, கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெதுவாப் போயிருக்கலாம்ல?"

"மெதுவாத்தான் போனேன்" என்றார் சித்தி.