தண்ணீர் முதலில், எண்ணெய் பிறகு

கப்பல் எஞ்சினுக்குப் போகும் எண்ணெயைச் சுத்தம் செய்கிறவன் மட்டும் ஒருநாளும் சுத்தமாக இருந்ததில்லை. ப்யூரிஃபையர் என்கிற அந்த எண்ணெய் சுத்திகரிக்கும் மெஷின் அறையில் வெந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே ஆயில்மேன்.

செக்கு

லீவில் விருதுநகர் வந்தால் கடலை எண்ணெய் வியாபாரி ஒருவர் என் கப்பல் வேலையைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார். தார் மாதிரிக் கறுப்பு எண்ணெயைச் சுடவைத்து, ஒரு கிண்ணத்துக்குள் அசுர வேகத்தில் சுற்றவிட்டால், கனமான தண்ணீரும் கசடும் ஓரத்துக்கு ஓடும், லேசான எண்ணெய் நடுவில் நின்று மேலே வரும் என்று விளக்கினேன். அந்தக் கசடைச் சுரண்டுவதுதான் என் பிழைப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "எல்லாஞ் சரி, புண்ணாக்கை யாருக்கு விக்கிறீக?"

அக்கா கேட்டது

நாரணாபுரத்தில் அக்கா வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவர். வெடிமருந்தைத்தான் அங்கே மருந்து என்பார்கள். பக்கத்து ஷெட் எரிந்த வாரம் நான் போயிருந்தேன். அக்கா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "எந்த அழுக்கு வேலைன்னாலும் சரி தம்பி, அவுகளை அந்த மருந்து ரூமை விட்டு வெளிய கொண்டாந்துரு."

வேலி

கெஞ்சிக் கூத்தாடி அத்தானைக் கப்பலில் ஏற்றினேன். மெஷின் வேகம் பிடித்ததும் முதலில் தண்ணீர் விட வேண்டும். அது ஓரத்தில் வேலி மாதிரி நிற்கும். அதன் பிறகுதான் எண்ணெய். வேலி இல்லையென்றால் எண்ணெய் தண்ணீர் போகும் வழியிலேயே வெளியேறிக் கசடுத் தொட்டிக்குப் போய்விடும். நான் சொல்லித் தந்த எல்லாவற்றுக்கும் அத்தான் தலையாட்டினார்.

தனியாக நின்ற முதல் நாளே தண்ணீர் விடாமல் எண்ணெயைத் திறந்துவிட்டார். ஈரம் பட்டால் மருந்து தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்று பழகிய கை அது. நல்ல எண்ணெயெல்லாம் கசடோடு போயிற்று. சோம்பேறி என்று சொல்லி அடுத்த துறைமுகத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். என் பேச்சு எடுபடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தான் சொன்னார்: "கொதிக்கக் கொதிக்கச் சுத்துற சாமான்ல தண்ணி ஊத்த எப்படி மாப்ளே கை வரும்?"

சீசன்

பழைய கம்பெனிக்கே திரும்பினார். தீபாவளி நெருக்கத்தில் மழை பிடித்து, கூரை ஒழுகிக் கலவை நனைந்திருக்கிறது. ஈர மருந்தைத் தொடக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். ஆர்டர் போயாக வேண்டும் என்று மேஸ்திரி அவசரப்படுத்த, அத்தான் பேசாமல் கையை வைத்துவிட்டார்.

நான் ஊர் வந்தபோது அத்தானுக்குக் காரியமெல்லாம் முடிந்திருந்தது. அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவளாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்: "தண்ணிக்குப் பயந்தா வேலை போயிரும்னுதான் தம்பி, இந்தவாட்டி அவுக வாயே தொறக்கல."

தண்ணீரையும் எண்ணெயையும் பிரிக்க மெஷின் வாங்கி வைத்திருந்த எங்கள் கப்பல் கம்பெனிக்கு, பயத்தையும் சோம்பலையும் பிரித்துப் பார்க்க மட்டும் ஒரு மெஷின் அகப்படவில்லை.