பெண் கொடுக்க வந்தவரும் நண்டின் நரம்பும்

அறுபதுகளின் தொடக்கத்தில், பாம்பனில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து நண்டுக்கால்களைத் தொட்டுக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சிப் படிப்பு. காலைத் தொட்ட செய்தி நரம்பு வழியாக எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. கடல்தண்ணீரில் கிடக்கும் காலிலிருந்து நரம்பைப் பிரித்து வெள்ளிக் கம்பியில் தூக்கி வைத்தால், ஒலிபெருக்கியில் டக், டக் என்று கேட்கும். ஒவ்வொரு டக்கும் ஏதோ ஒரு நரம்பிழையின் துடிப்பு.

இழைகள் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை என்பதுதான் தொல்லை. ஒன்று லேசாக உரசினாலே கத்தும். இன்னொன்று நன்றாக அழுத்தினால்தான் வாயைத் திறக்கும். "கெட்டவற்றை ஒதுக்கிவிட்டு ஒழுங்கான இழைகளை மட்டும் எடு" என்று சென்னையிலிருந்து என் பேராசிரியர் எழுதினார். அதனால் நரம்பை ஊசியால் பிரித்து, ஒரே எடைக்குத் துடிக்கும் இழைகளை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுவேன். எட்டு மாதம் இப்படியே எறிந்தேன்.

அப்போது திருவாடானைப் பக்கத்திலிருந்து விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி, தன் மகளை எனக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அறையில் பதினொரு நண்டுக்கால்கள் வரிசையாகக் கிடந்தன.

வீட்டுக்காரர் மரைக்காயர் எனக்காகப் பேசினார். "தங்கமான புள்ளைண்ணே. பீடி கிடையாது, சீட்டு கிடையாது. நண்டு ஒண்ணுதான் பழக்கம்."

வந்தவர் முகம் இன்னும் இறுகியது. "தம்பி, இதுல என்னதான் பாக்குறீக?"

சொல்லிப் புரியவைக்க முடியாது, கேட்கவைக்கலாம் என்று நினைத்தேன். "அய்யா, நீங்க செவத்தப் பாத்து உக்காருங்க. நான் கால்மேல எடை வைக்கிறேன். கொஞ்சமா, நடுத்தரமா, நெறயவான்னு சத்தத்த வச்சுச் சொல்லுங்க."

வலைக்கு மாட்டும் ஈயத்தை வெட்டி எடைகள் செய்து வைத்திருந்தேன். என் ஒழுங்கான இழைகளைக் கம்பியில் ஏற்றிச் சின்ன எடையை வைத்தேன். சத்தமே இல்லை. நடுத்தர எடைக்குப் படபடவென்று பொரிந்தது. பெரிய எடைக்கும் அதே பொரிச்சல்.

"நெறய," என்றார் இரண்டுக்கும். "மொதல்ல எதுவும் வச்ச மாதிரியே தெரியல."

அவர் எழுந்து துண்டை உதறினார். "ரயிலுக்கு நேரமாச்சு தம்பி, வாரேன்."

"இன்னும் ஒரே ஒரு கால் அய்யா!"

அரை மனதோடு மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பிரித்து ஒதுக்க நேரமில்லை. நல்லது, கெட்டது எல்லாம் சேர்ந்த முழு நரம்பையும் அப்படியே தூக்கிக் கம்பியில் போட்டேன். சின்ன எடைக்கு டக், டக். நடுத்தரத்துக்கு இன்னும் சில இழைகள் சேர்ந்துகொண்டன. பெரியதற்குத் தகரக் கூரையில் மழை விழுவதுபோல் இரைந்தது.

"கொஞ்சம். நடுத்தரம். நெறய," என்றார், சுவரைப் பார்த்தபடியே. எடைகளை மாற்றி மாற்றி வைத்தேன். பன்னிரண்டு தடவையும் சரி. "ஏமாத்தப் பாக்காதீக. இப்ப சும்மா இருக்கீக, எதுவும் வைக்கல," என்றார் பதின்மூன்றாவதாக. அதுவும் சரிதான்.

நான் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டேன். எல்லா இழையும் ஒரே எடைக்குத் துடித்தால், தொட்டார்களா இல்லையா என்பது மட்டும்தான் நண்டுக்குத் தெரியும். ஒவ்வொன்றும் வேறு வேறு எடைக்குத் துடிப்பதால்தான் எவ்வளவு அழுத்தம் என்றும் தெரிகிறது. எட்டு மாதமாக நான் குப்பையில் கொட்டியது நண்டின் அளவுகோலை.

"என்ன, தப்பாச் சொல்லிட்டேனா?" என்று திரும்பினார் அவர். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். சம்பந்தம் முடிந்துவிட்டது என்று நினைத்து மரைக்காயர் சர்க்கரை எடுக்க உள்ளே ஓடினார்.

பேராசிரியர் ஒரு மாதம் நம்பவில்லை. பிறகு நேரில் வந்து, தானும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னார். ஒன்று தவறியதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

திருவாடானையில் மகள் கேட்டாளாம்: "மாப்பிள்ளைக்கு நண்ட விட்டா வேற என்னய்யா தெரியும்?"

"வேற ஒண்ணும் தெரியாது தாயி," என்றாராம் அவர். அதைக் கேட்ட பிறகும் அவள் சரி என்று சொல்லியிருக்கிறாள்.