பனிக்குள் போன பந்து

மூடுபனிக்குள் போன பந்து பிடிபட்டதா, விழுந்ததா என்று வெளியே நிற்கும் பெற்றோருக்கு எப்படித் தெரியும்?

நேற்று நுவரெலியாவில் பாடசாலை பேஸ்போல் அரையிறுதி. தேயிலைச் செடிகளின் ஓரமாக நின்ற மகள், எதிரணி அடித்த கடைசிப் பந்தைப் பிடித்தால் எங்கள் அணிக்கு வெற்றி. பந்து எழும்பிய நேரம் பார்த்துப் பனி இறங்கியது. பக்கத்தில் குடையோடு நின்ற கணவரின் முகமே எனக்குத் தெரியவில்லை.

"புடிச்சிட்டா, நான் பாத்தேங்க," என்றார் எங்கள் அணிப் பிள்ளை ஒருத்தியின் அப்பா. தடித்த கண்ணாடி போட்டவர்.

"கீழ விழுந்ததத்தான் எடுத்தா. எங்களுக்கு மட்டும் கண்ணு தெரியாதாங்க?" என்றார் எதிரணிப் பிள்ளையின் அம்மா.

இரு பக்கத்தாரும் நடுவரைச் சூழ்ந்துகொண்டு வெகுநேரம் கத்தினார்கள். களைத்துப்போன நடுவர் எங்களுக்கே வெற்றி கொடுத்தார். பந்தைக் கையில் வைத்திருந்த மகளிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இன்று காலை அவளே பயிற்சியாளரிடம் போய், "விழுந்துருச்சு சேர்," என்று சொல்லிவிட்டாள். இறுதிப் போட்டிக்கு எதிரணி போகிறது.

மாலையில் அந்த அப்பா, ஆசிரியையான என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், பிள்ளைக்குச் சரியா வெளங்கல. அவ புடிச்சத நான் பாத்தேங்க."

அந்தக் கண்ணாடியை எந்தக் கடையில் வாங்கினார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.