ஒன்றை அமுக்கினால் மோட்டார்

நாகஜோதியின் கதையை ஆத்தப்பனைத் திட்டாமல் சொல்ல முடியாது. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எட்டு வீடுகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் ஒரு லைன் வீட்டுக்கு அவர் ஓனர். வாயைத் திறந்தால் ‘ங்க’ போடாமல் ஒரு வார்த்தை வராது. அந்த மரியாதை குறையாமலே ஆளைக் குழியில் இறக்கி, மேலே மண்ணையும் தள்ளிவிடுவார்.

எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே போர்வெல். மோட்டாரின் ஸ்டார்ட்டரும் மெயின் சுவிட்சும் முன்பக்கத்தில் இரும்புக் கதவு போட்ட அறைக்குள் இருந்தன. சாவி ஆத்தப்பனிடம். முன்வீட்டில் குடியிருந்தவரைக்கும் காலையில் எழுந்ததும் சுவிட்சைத் தட்டிவிடுவார். மங்கலம் ரோட்டில் புது வீடு கட்டிக் குடிபோன பிறகுதான் வினை பிடித்தது. தினமும் ஸ்கூட்டரில் வந்து போட்டுவிடுகிறேன் என்றார். ஏழு மணி என்பார், ஒன்பதரைக்கு வருவார். எட்டரைக்குக் கம்பெனியில் கார்டு அடிக்க வேண்டிய சனம் குளிக்காமல் கொள்ளாமல் ஓடியது. நாலாம் வீட்டு ஒச்சாயி ஒரு நாள் துணிந்து, ஒரு சாவியைக் கொடுத்து வைத்தால் நாங்களே போட்டுக்கொள்வோமே என்று கேட்டுவிட்டாள்.

“இன்னைக்குச் சாவி கேப்பீங்க, நாளைக்குப் பத்திரத்தக் கேப்பீங்க. நம்மளுக்கு அந்தப் பழக்கமெல்லாம் வேண்டாமுங்,” என்றார் ஆத்தப்பன் சிரித்துக்கொண்டே.

ஆறாம் வீட்டு நாகஜோதிக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். முப்பது பையன்களுக்கு நடுவே இரண்டே பெண்கள். அதில் இன்னொருத்தி பாதியில் நின்றுவிட்டாள். காசிமாயனுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருப்பூர் வந்து பதினேழு வருடம் ஆகிறது. வந்த புதிதில் ஒரு கம்பெனிக்கு மெக்கானிக் வேலை கேட்டுப் போனாள். மேனேஜர் சான்றிதழை மேலும் கீழும் பார்த்தார். “பொம்பளைக்கு எதுக்கும்மா மெஷினு? செக்கிங்ல போய் உக்காரு,” என்றார். உட்கார்ந்தாள். அன்றிலிருந்து பனியனில் ஓட்டை தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு தடவை தையல் மெஷின் ஒன்று விட்டு விட்டு ஓடியது. மிதிகட்டைக்குப் போகிற வயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கிறது என்று மெக்கானிக்கிடம் அவள்தான் சொன்னாள். அவன் சரிசெய்தான். முதலாளி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றானே தவிர, இவள் பெயரை மூச்சுக்கூட விடவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். “இதுக்கெல்லாமா அழுவாக?” என்று கேட்டுவிட்டுக் காசிமாயன் டிவியைப் போட்டுக்கொண்டான்.

ஆகவே ஆத்தப்பன்மேல் பாசம் பொங்கி, போனிலிருந்தே மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற அந்தப் பெட்டியை அவள் கட்டவில்லை. அந்த மனுஷனுக்கு ஒரு துரும்பை எடுத்துப் போடவும் அவளுக்கு மனசில்லை. தண்ணீருக்காகக் கட்டினாள். படித்த படிப்பு துருப்பிடித்துக் கிடக்கிறதே என்ற வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது.

விஷயம் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. போனில் எண்ணை அமுக்கினால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தனிச் சத்தம் உண்டு. நம் காதுக்கு எல்லாம் ஒரே ‘கீ கீ’தான். ஆனால் அதைக் கேட்டு, இது ஒன்று, இது இரண்டு என்று பிரித்துச் சொல்ல ஒரு சிப் இருக்கிறது. பழைய பட்டன் போன் ஒன்றை, அழைப்பு வந்தால் தானாகவே எடுக்கும்படி வைத்து, அதன் இயர்போன் வயரைச் சிப்பில் கோத்துவிட வேண்டும். எங்கிருந்து கூப்பிட்டு அமுக்கினாலும் சத்தம் சிப்புக்குப் போகும். சிப் ரிலே என்ற சின்னச் சுவிட்சைத் தட்டும், ரிலே ஸ்டார்ட்டரைத் தட்டும். ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும். இரண்டை அமுக்கும்வரை நிற்காது. சும்மா செய்துபார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கென்றே இந்த உதிரிகளைப் பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். நாகஜோதி கூரியரில் வரவழைத்தாள்.

“செஞ்சு பாருங் கண்ணு. மோட்டருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அது உங்க பொறுப்புங்,” என்றார் ஆத்தப்பன். தினமும் ஸ்கூட்டர் மிதிக்கிற தொல்லை விட்டால் போதும் என்று அவருக்கும் இருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சால்டரிங் புகையில் கண் எரிய உட்கார்ந்து, சோற்று டப்பா ஒன்றுக்குள் எல்லாவற்றையும் அடக்கினாள். முதல் சோதனைக்கு எட்டு வீடும் கூடி நின்றது. ஆத்தப்பன் தன் போனில் ஒன்றை அமுக்கினார். டப்பா ‘டக்டக்டக்’ என்று பல் தந்தியடித்தது. மோட்டார் ஒரு முனகு முனகிவிட்டு அடங்கிப்போனது.

“நம்மளுக்கு எதுக்குங் கண்ணு இந்த வேல? பனியன்ல ஓட்டையப் பாத்தமா, கூலிய வாங்குனமான்னு இருந்துக்கோணும்,” என்றார்.

சனம் சிரித்தது. காசிமாயனும் சிரித்தான். மற்றவர்கள் சிரித்ததை விட்டுவிடலாம். தாலி கட்டினவன் சிரித்ததை அவள் இரண்டு நாள் பேசாமல் இருந்து தீர்த்துக்கொண்டாள். கோளாறு சின்னதுதான். போனில் சத்தத்தை முழுதாக வைத்திருந்தாள். காதுக்குள் கத்தினால் நமக்கு ஒன்றும் விளங்காததுபோலச் சிப்பும் திணறியிருக்கிறது. சத்தத்தைப் பாதியாகக் குறைத்தாள், ரிலேக்குக் கரண்டைத் தனியாகக் கொடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றை அமுக்கியதும் மோட்டார் கிளம்பியது, இரண்டுக்கு நின்றது. பத்துத் தடவை அமுக்கியும் ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

நன்றி என்று ஒரு சொல்? அதை எதிர்பார்த்தவள் மடச்சி. ஆத்தப்பன் டப்பாப் போனில் வேறு சிம்மைப் போட்டு, அந்த நம்பரை யாருக்கும் சொல்லாமல் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போனார். முன்பு ஸ்கூட்டரில் வந்து படுத்திய பாட்டை, அதன் பிறகு சோபாவில் உட்கார்ந்தபடியே படுத்தினார். ஏழே நிமிடம் தண்ணீர், அப்புறம் இரண்டை அமுக்கிவிடுவார். ஒருத்தி சேலை அலசுவதற்குள் குழாய் காற்று வாங்கும்.

அதையும் பொறுத்திருப்பாள். பங்குனி மாதத்தில் ஒரு நாள் வேறு மூன்று லைன் வீட்டு ஓனர்களை அவர் கூட்டிக்கொண்டு வந்தார். நாகஜோதி குடத்தோடு நிற்கையிலேயே கதவைத் திறந்து பெட்டியைக் காட்டினார்.

“நம்ம நித்தீஷு செஞ்சதுங்க. காலேஜ்ல அவனுக்கு இதுதானுங்க பாடமே.”

நித்தீஷ் அவர் மகன். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறவன். அந்தப் பெட்டியை அவன் தொட்டதுகூடக் கிடையாது. கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பானாம். வந்தவர்களும் தலையாட்டினார்கள்.

“ஐயா, அது நான்…” என்று நாகஜோதி ஆரம்பித்தாள்.

“ஆமாங், இந்தப் புள்ளையும் ஒத்தாசைக்கு இருந்துச்சுங்க. ஸ்க்ரூவெல்லாம் எடுத்துக் குடுத்துச்சு,” என்றார் ஆத்தப்பன்.

ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்ததாம். அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். இந்த முறை அழுகை வரவில்லை. இந்த ஆளை ஒரு நாள் நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்ல வைக்காவிட்டால் தான் மனுஷியே இல்லை என்று காசிமாயனிடம் சொன்னாள். “சொல்ல வச்சு? அதுல என்ன கெடைக்கப்போகுது?” என்றான் அவன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, நேரமில்லாத நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்தது. சனத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குடம், அண்டா, குழம்புச் சட்டிவரை நிரம்பியது. ஏழு நிமிடம் போனது, பத்துப் போனது, தண்ணீர் நிற்கவில்லை. மேலே டேங்க் நிறைந்து வழிந்து, வாசல் சேறானது. கோடையில் அந்தப் போர் அரை மணிக்கு மேல் தாங்காது. அதற்குமேல் ஓடினால் தண்ணீரில்லாமல் மோட்டார் கருகும். எழுநூறு அடியிலிருந்து அதைத் தூக்கி, கருகின கம்பிச் சுருளுக்குப் பதில் புதுக் காயில் கட்டி இறக்க ஒரு வாரமாவது ஆகும். அந்த ஒரு வாரம் எட்டு வீடும் குடத்தோடு தெருத்தெருவாக அலைய வேண்டியதுதான்.

அப்போது நாகஜோதியின் போன் அடித்தது. ஆத்தப்பனின் மனைவி தெய்வாத்தாளின் நம்பர். பேசியது ஆத்தப்பன்; அவர் போன் பெட்டியின் இணைப்பிலேயே இருந்தது. குரலுக்குப் பின்னால் மேளமும் மைக்கும் காதைக் கிழித்தன. தாராபுரத்தில் அவருடைய தங்கை பேத்திக்குக் காது குத்து, மண்டபத்தில் இருக்கிறார்கள்.

“ஏனுங் கண்ணு, மோட்டரு ஓடுதுங்களா?”

“ஓடுது. டேங்கு நெறஞ்சு வழியுது.”

“சொந்தக்காரங்களுக்குக் காட்டலாமுன்னு ஒண்ண அமுக்குனனுங். இப்ப ரெண்ட அமுக்கி அமுக்கி வெரலு தேஞ்சு போச்சு, ஆஃப் ஆக மாட்டேங்குது. நித்தீஷும் அமுக்கிப் பாத்துட்டான். சாவி வேற எங்கிட்ட இருக்குது. என்ன பண்றதுங்?”

மேளச் சத்தத்தைக் கேட்டதுமே நாகஜோதிக்கு விளங்கிவிட்டது. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு, ஊருக்குப் படம் காட்டியிருக்கிறார். ஒன்றை அமுக்கியபோது மேளம் சற்று ஓய்ந்திருக்கும். இப்போது மேளமும் மைக்கும் சேர்ந்து உள்ளே போகிற இரைச்சலில், இரண்டின் சத்தம் சிப்புக்குப் பிரிபடவில்லை. நாலு சுவர் தாண்டிப் போய் அமுக்கினால் வேலை முடிந்தது. பெட்டியைக் கட்டினவனாக இருந்தால் நித்தீஷ் அதைச் சொல்லியிருப்பான்.

ஒரு வரி. அந்த ஒரு வரி அவள் நாக்கு நுனியில் இருந்தது.

“அதச் செஞ்சவுகளக் கேளுங்கய்யா,” என்றாள்.

“இது வெளையாடற நேரமுங்களா?”

“வெளையாடல. மண்டபத்துல எல்லாரும் கேக்குறாப்புல சொல்லுங்க, பெட்டியக் கட்டுனது நாகஜோதின்னு. சொன்னீகன்னா நான் நிப்பாட்டித் தர்றேன்.”

“ஊட்டுக்கு வந்து பேசிக்கலாமுங் கண்ணு.”

“நீங்க வர்றதுக்குள்ள காயிலு கருகிப் போகும்.”

சுற்றி நின்ற எட்டு வீட்டுச் சனத்துக்கும் விஷயம் புரிந்தது. ஒச்சாயிதான் முதலில் பாய்ந்தாள்.

“ஏடி நாகு, வழி தெரிஞ்சா சொல்லித் தொலை. அவன் பேரச் சொன்னா என்ன, இவன் பேரச் சொன்னா என்ன? நமக்குத் தண்ணி வேணும்.”

“எனக்கும்தான் தண்ணி வேணும். செத்த சும்மா இரு மதினி.”

“ஏய், சொல்லிரு,” என்று காசிமாயன் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டாள். வழிகிற தண்ணீர் செம்மண் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. குழாய் நடுநடுவே காற்றைத் துப்பியது. ஆத்தப்பனைவிட, சேர்ந்து தண்ணீர் பிடிக்கிற இந்தச் சனம் தன்னை எதிரி மாதிரி முறைப்பதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. மோட்டார் கருகிப்போனால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாய்வரை வந்தது. ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்த கதை நினைவுக்கு வர, இரண்டு முறையும் விழுங்கினாள்.

“சொல்றனுங்,” என்றது போன்.

“மேளத்த நிறுத்தச் சொல்லிட்டு, மைக்குல சொல்லுங்க. போன வச்சுராதீக, நான் கேக்கணும்.”

மேளம் நின்றது. யாரோ மைக்கைத் தட்டினார்கள். ஆத்தப்பனின் குரல் மண்டபம் முழுக்க எதிரொலித்து, ஐம்பது கிலோமீட்டர் தாண்டி லைன் வீட்டு வாசலுக்கு வந்தது.

“எல்லாருக்கும் வணக்கமுங். இப்ப நான் காட்டுன மோட்டருப் பொட்டி… அது நம்ம நித்தீஷு செஞ்சதில்லீங்க. நம்ம லைன் ஊட்டுல குடியிருக்கற நாகஜோதிங்கற பொண்ணு செஞ்சதுங்க.”

மைக்கை அணைக்கிற சத்தம் கேட்டது.

“இப்ப ரெண்ட அமுக்குங்கய்யா,” என்றாள் நாகஜோதி.

இரும்புக் கதவுக்குப் பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். மோட்டார் நின்றது.

“நின்னுருச்சுங்களா?”

“நின்னுருச்சு.”

“என்னங் பண்ணுனீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணல. நீங்கதான் மேளத்த நிறுத்துனீக. அம்புட்டுதான் வேலை.”

அது விளங்கியும் அவர் குரலில் சூடு எதுவும் ஏறவில்லை. எப்போதையும்விட மெதுவாகப் பேசினார்.

“நொம்ப சந்தோசமுங் கண்ணு. வர்ற ஒண்ணாந்தேதிக்குள்ள ஊட்டக் காலி பண்ணிக்குங்.”

“சரிங்கய்யா,” என்று போனை வைத்தாள்.

ஒச்சாயி, “கிறுக்குச் சிறுக்கி,” என்று சொல்லிவிட்டுத் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மற்றவர்களும் அவளைத் தாண்டி, முகம் பார்க்காமல் கலைந்தார்கள். சேற்று வாசலில் காசிமாயன் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

“ஒத்த வார்த்தைக்காக வீட்டத் தொலைச்சுட்டியேடி,” என்றான்.

“அந்த ஒத்த வார்த்தை இல்லாமத்தான்யா பதினேழு வருசம் இந்த ஊர்ல கெடந்தேன்,” என்றாள் நாகஜோதி.